ஒலி புகா அறைக்குப் புதுக்காற்று

காற்று புகும் வழி எதுவோ, அதுவே ஒலி புகும் வழியும் ஆகும். ஒலி என்பது பெரும்பாலும் காற்றின் அதிர்வாகவே செவியை வந்தடைவதால் இவ்விரண்டையும் பிரித்து வைப்பது எளிதன்று. வெளியோசை சிறிதும் கேளாத ஓர் அறையைக் கட்டவேண்டுமாயின் சுவரிலும் கதவிலும் உள்ள துளைகள், இடுக்குகள் அனைத்தையும் அடைத்தல் வேண்டும். அவ்வறையில் மனிதர் அமர்ந்து மணிக்கணக்கில் பாடவும் பேசவும் வேண்டுமாயின், இடையறாது புதுக்காற்று வந்து பழைய காற்று வெளியேறுதல் வேண்டும். முன்னது துளையே ஆகாது என்கிறது. பின்னது துளை இரண்டாவது வேண்டும் என்கிறது. பெரிய ஒலிபரப்பு நிலையங்களில் பொறியியலார் இந்த வழக்கை நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டனர். வீட்டின் ஒரு மூலையில் ஒலிப்பதிவு அறை அமைத்துக்கொள்வோரிடம் மட்டும் இது இன்னும் தீராத வழக்காகவே இருந்துவருகிறது.

ஹைதராபாத் நகரில் இதனை எதிர்கொள்வோர் பலர். நிஜாம் ஆட்சிக் காலத்தில் ‘தக்கன் ரேடியோ’ என்னும் பெயரால் ஒலிபரப்பு நடந்த ஊர் அது. அந்நிலையம் 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியின் பொறுப்பில் வந்தது. சென்னையில் வேரூன்றியிருந்த தெலுங்குத் திரைப்படத் தொழில் அடுத்த சில பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக அங்கே குடிபெயர்ந்தது. 1976-இல் அன்னபூர்ணா ஸ்டுடியோவும், 1996-இல் ராமோஜி திரைப்பட நகரமும் தோன்றின. பின்னணிக் குரல் கொடுப்போர், பாட்டுக்கு மெட்டமைப்போர், விளம்பர ஒலி பதிவோர் எனப் பெருந்தொகையினர் அந்நகரில் வாழ்கின்றனர். ஒரு கணிப்பொறியும் ஒரு நல்ல மைக்கும் இருந்தால் படுக்கையறையே ஒலிப்பதிவுக்கூடம் ஆகிவிடும் காலம் இது. தமிழ்நாட்டிலும் ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்னும் கூடத்தை அமைத்துக்கொண்டது யாவரும் அறிந்ததே. 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, பாடங்களைப் பதிவு செய்வதற்காகச் சன்னல்களைச் சாத்தி, போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்த ஆசிரியர்கள் பலர். ஒலி புகா அறையின் துன்பத்தை அவர்கள் அன்றே அறிந்துகொண்டனர்.

கோல்கொண்டாக் கோட்டைக்குச் சென்றவர்கள், நுழைவாயில் மண்டபத்தின் கீழ் ஒருவர் கை தட்ட, குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸார் மண்டபத்தில் அவ்வோசை கேட்பதைக் கண்டு வியப்பர். கல்லும் வளைவும் ஒலியை எவ்வளவு தூரம் கடத்தவல்லவை என்பதற்கு அது சான்று. காற்றை வீட்டுக்குள் கொணரும் கலைக்கும் ஹைதராபாத் என்னும் பெயர் புகழ் பெற்றதுதான். ஆனால் அது சிந்து மாகாணத்து ஹைதராபாத். இப்பொழுது பாகிஸ்தானில் உள்ளது. அங்கே ஒவ்வொரு வீட்டின் கூரைமேலும் தென்மேற்குக் காற்றை வாங்கிக் கீழறைக்கு அனுப்பும் காற்றுப்பிடிப்பான்கள் நின்ற காட்சி பழைய ஒளிப்படங்களில் காணப்படுகிறது. கட்டடக்கலை நூல்களைப் படிப்போர் இவ்விரு ஊர்களையும் குழப்பிக்கொள்வது உண்டு. தக்கணத்து ஹைதராபாத்தில் அத்தகைய காற்றுப்பிடிப்பான்கள் வரிசையாக நின்றதில்லை. நின்றிருந்தாலும் ஒலிப்பதிவு செய்வோருக்கு அவை பயன்பட்டிரா. தெருவோசை முழுவதையும் அவை அள்ளிக்கொண்டு வந்திருக்கும்.

மூடிய அறையில் நிகழ்வது

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். பாடும்பொழுதும் மிருதங்கம் முதலியவற்றை வாசிக்கும்பொழுதும் இவ்வளவு மேலும் கூடும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 30 கன மீட்டர், அதாவது 30,000 லிட்டர். இதில் இருவர் அமர்ந்தால் மணிக்கு 36 லிட்டர் கரியமில வாயு சேரும். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் 1,200 பங்கு உயரும். வெளிக்காற்றிலேயே இப்பொழுது 420 பங்குக்கு மேல் இருப்பதால், முதல் மணி முடிவில் அறையில் 1,600-ஐத் தாண்டும். இரண்டாம் மணி முடிவில் 2,800-ஐ எட்டும். அறை முற்றிலும் இறுக மூடப்பட்டது என்று கொண்டு செய்த கணக்கு இது.

இதைக் கேட்டதும் பிராணவாயு தீர்ந்துவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்துக்கு இடமில்லை. மேற்கூறிய அறையில் இரண்டு மணி நேரத்தில் பிராணவாயு 20.9 விழுக்காட்டிலிருந்து 20.6-க்குக்கூடக் குறைவதில்லை. அப்படியானால் தலை கனப்பதும் கண் செருகுவதும் எதனால்? ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இல் இதனை ஆராய்ந்தார். கரியமில வாயுவைக் காற்று கெட்டதன் அடையாளமாகக் கொள்ளலாம் என்றும், அறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது பத்து லட்சத்தில் 1,000 பங்கை மீறலாகாது என்றும் அவர் வரையறுத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த எண் இன்றும் நடைமுறையில் நிற்கிறது.

1905-ஆம் ஆண்டையொட்டி பிரெஸ்லௌ நகரில் ஃப்ளூகே என்பவரும் அவருடைய மாணவர்களும் செய்த சோதனைகள் இன்னும் சுவையானவை. மூடிய கூண்டில் அமர்ந்து புழுங்கிய ஒருவருக்குக் குழாய் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தும் அவருடைய துன்பம் தீரவில்லை. வெளியே நின்ற ஒருவர் அதே கூண்டின் காற்றைக் குழாய் வழியாகச் சுவாசித்தும் அவருக்குத் துன்பம் உண்டாகவில்லை. கூண்டுக்குள் உடலைக் குளிர்வித்தபொழுதோ துன்பம் நீங்கியது. மூடிய அறையின் புழுக்கத்துக்கு உடற்சூடும் வியர்வையின் ஈரமுமே பெருங்காரணம் என்பது இதனால் விளங்கிற்று. எனினும் கரியமில வாயுவை முற்றிலும் குற்றமற்றதென்று விடுவிக்கவும் இயலாது. 2012-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் வெளியிட்ட ஆய்வில், 1,000 பங்கிலும் 2,500 பங்கிலும் முடிவெடுக்கும் திறன் குறைந்ததாகக் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் சில அதனை உறுதி செய்தன; சில அவ்வளவு தெளிவான பயனைக் காட்டவில்லை. ஒலிப்பதிவாளர் காதால் நுட்பமாகப் பகுத்தறிந்து தொழில் செய்பவராதலால் ஐயத்தின் பயனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதே நன்று.

சூட்டின் கணக்கும் சிறிதன்று. ஒருவர் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. மூவர் இருக்க, கணிப்பொறி, ஒலிபெருக்கி, விளக்குகள் இவற்றுக்கு 300 வாட் எனக் கொண்டால் மொத்தம் 600 வாட். 30 கன மீட்டர்க் காற்றை இவ்வெப்பம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் சூடேற்ற வல்லது. சுவரும் தரையும் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்வதால்தான் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. ஆனால் ஒலி உறிஞ்சுவதற்காக ஒட்டப்படும் பஞ்சும் கம்பளியும் வெப்பத்தையும் தடுக்கும் இயல்புடையவை. ஆகவே சுவர் செய்யும் அந்த உதவியும் குறைந்துவிடுகிறது.

2020-இல் இந்தச் செய்தி வேறொரு முகத்தையும் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தது. வந்திருந்தவர் 61 பேர். ஒருவருக்குக் கொரோனா நோய்க்குறி இருந்தது. பின்னர் 53 பேருக்கு நோய் கண்டதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்தது, இருவர் இறந்தனர். பேசுவதைக் காட்டிலும் பாடும்பொழுது நுண்துளிகள் மிகுதியாக வெளிப்படுகின்றன. காற்று மாறாத அறையில் அவை நெடுநேரம் மிதக்கின்றன. பாடகரும் ஒலிப்பதிவாளரும் ஒரே சிற்றறையில் நாள் முழுதும் இருக்கும் வீட்டுக் கூடங்களில் புதுக்காற்று ஒரு வசதி என்னும் நிலையைத் தாண்டிவிட்டது.

குளிர்சாதனம் பற்றிய தவறான எண்ணம்

ஹைதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஆகையால் ஒலிப்பதிவு அறை கட்டுவோர் முதலில் வாங்குவது ஏ.சி. எனப்படும் குளிர்சாதனம். ‘அறையில் ஏ.சி. இருக்கிறதே, காற்றுக்கு என்ன குறை?’ என்பது பலருடைய எண்ணம். சுவரில் மாட்டப்படும் பிளவுவகைச் சாதனம் வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றையும் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிர்வித்து, மீண்டும் உள்ளேயே ஊதுகிறது. வெளியே நிற்கும் பெட்டிக்கும் உள்ளே உள்ள பெட்டிக்கும் இடையே செல்லும் செப்புக் குழாய்களில் ஓடுவது குளிரூட்டும் திரவமேயன்றிக் காற்றன்று. அறை குளிர்ச்சியாக இருப்பதனால் புழுக்கம் என்னும் எச்சரிக்கையும் மறைந்துவிடுகிறது. கரியமில வாயு மட்டும் முன்போலவே ஏறிக்கொண்டிருக்கும்.

அவ்வூர் வீடுகளில் பழக்கமான ‘கூலர்’ இதற்கு நேர்மாறானது. ஈரத் தட்டிகளின் வழியாக வெளிக்காற்றை இழுத்து வீசும் அச்சாதனம் தக்கணத்தின் வறண்ட கோடையில் நன்றாகவே குளிர்விக்கும். புதுக்காற்றையும் தாராளமாகத் தரும். ஆனால் எதிர்ச்சன்னல் திறந்திருந்தால்தான் அது பயன் தரும். அதன் இரைச்சலோடு நீர் சொட்டும் ஓசையும் சேர்ந்துவிடும். வீணை, தம்புரா முதலிய மரக்கருவிகளுக்கு அந்த ஈரம் ஆகாது. ஆகவே ஒலிப்பதிவு அறைக்கு அது உதவாது.

புதுக்காற்றைக் கொணர்ந்தால் குளிர்ச்சி வீணாகிவிடும் என்ற அச்சமும் மிகைப்பட்டதே. ஒருவருக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்பது நல்ல அளவு. இந்த அளவில் கரியமில வாயு வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 500 பங்கு மட்டுமே உயர்ந்து நின்றுவிடும். பெட்டன்கோஃபர் வகுத்த எல்லைக்குள் அறை இருக்கும். மூவருக்கு வினாடிக்கு 30 லிட்டர், அதாவது மணிக்கு 108 கன மீட்டர். 40 டிகிரி வெளிக்காற்றை இந்த அளவில் உள்ளே கொணர்ந்து 26 டிகிரிக்குக் குளிர்விக்க அரைக் கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவான குளிர்த்திறன் போதும். ஒரு டன் எனப்படும் சாதனத்தின் குளிர்த்திறன் 3.5 கிலோவாட். அதில் ஏழில் ஒரு பங்குதான் செலவாகிறது. மழைக்காலத்தில் மட்டும் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் வேலை கூடுதலாகச் சேரும்.

துளையின் வலிமை

இனி ஒலியின் பக்கம். இருபுறமும் பூச்சுப் பூசிய 23 சென்டிமீட்டர் செங்கற்சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் ஒலியைத் தடுக்கும். தன்மேல் விழும் ஒலியாற்றலில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே அது உள்ளே விடுகிறது என்று பொருள். இத்தகைய சுவரின் 10 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இடப்படுவதாகக் கொள்க. துளையின் பரப்பு சுவரின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் சுவர் முழுவதும் கசியவிடும் ஒலியைப்போல் 78 மடங்கு ஒலி அத்துளை வழியாகப் புகும். 50 டெசிபல் சுவர் 31 டெசிபல் சுவராகத் தாழ்ந்துவிடும். வரத்துக்கு ஒன்று, போக்குக்கு ஒன்று என இரண்டு துளைகள் இட்டால் 28 டெசிபல்தான் மிஞ்சும்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த எல்லை. ஆட்டோ ரிக்‌ஷாவின் ஊதல், திருமண ஊர்வலத்தின் மர்ஃபா மேளம், பிள்ளையார் சதுர்த்திக்குப் பின் ஹுசேன் சாகர் ஏரியை நோக்கிச் செல்லும் ஊர்வலங்கள் ஆகியவை அந்த எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறக்கப்பட்டு, பேகம்பேட்டையிலிருந்து பயணிகள் விமானங்கள் அகன்றபின் நகரின் நடுப்பகுதிக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது உண்மை. ஒலிப்பதிவு அறையிலோ பின்னணி ஓசை 25 அல்லது 30 டெசிபலுக்குள் அடங்கவேண்டும். தெருவில் 70 டெசிபல் ஒலிக்கும்பொழுது 28 டெசிபல் தடுப்பு எவ்வளவு போதாதது என்பதைக் கழித்துப் பார்த்தாலே விளங்கும்.

கதவின் அடியிலுள்ள இடுக்கு இதைவிடப் பொல்லாதது. 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் கீழ் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதன் பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். மேற்கூறிய வட்டத் துளையின் பரப்போ 79-க்கும் குறைவு. பெரும்பாலான வீட்டுக் கூடங்கள் தொடக்கத்தில் இந்த இடுக்கு வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. பின்னொருநாள் ஒலிக்கசிவைக் கண்டுபிடித்து ரப்பர்ப்பட்டை வைத்து அதனை அடைத்துவிடுகின்றனர். ஒலி நின்றுவிடுகிறது. தலைவலி தொடங்குகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தோன்றுவதேயில்லை.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் ஒலி புகாது என்னும் நம்பிக்கையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் எதிரொலியால் பயனற்றுக் கிடந்தபொழுது, வாலஸ் சபைன் 1895 முதல் இரவு நேரங்களில் மெத்தை விரிப்புகளைச் சுமந்து வந்து பரப்பிச் சோதித்து, எதிரொலியின் கணக்கை வகுத்தார். மெத்தைகள் மண்டபத்துக்குள் எழும் ஒலியின் நீட்சியைக் குறைத்தன. தெருவோசையை நிறுத்துவதற்கு அவை ஏற்பட்டவையல்ல. ஒலியைத் தடுக்க எடை வேண்டும், இடுக்கின்மை வேண்டும். முட்டை அட்டைக்கு எடையும் இல்லை; பஞ்சுபோல் உறிஞ்சும் ஆற்றலும் போதாது. தீப்பற்றுவதில் மட்டும் அது தாராளமானது.

காற்றுக்கு வழி, ஒலிக்குத் தடை

வானொலிக்காரர்கள் கண்ட வழி எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. காற்று எத்தனை முறை திருப்பினாலும் திரும்பிச் செல்லும். ஒலியோ ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் மோதும். அச்சுவரில் உறிஞ்சும் பொருள் இருப்பின் ஒவ்வொரு மோதலிலும் தேயும். லண்டனில் பி.பி.சி. நிறுவனம் 1923 முதல் சவாய் ஹில் கட்டடத்தில் கனத்த துணிகளைச் சுவரெங்கும் தொங்கவிட்டு ஒலிபரப்பியது. 1932-இல் அது குடியேறிய புதிய மாளிகையில், ஒலிபரப்பு அறைகள் சன்னல் இல்லாத நடுக்கோபுரத்தில் வைக்கப்பட்டு, அலுவலக அறைகள் அதனைச் சுற்றி அரணாக அமைந்தன. அவ்வறைகளுக்கு வேண்டிய காற்று முழுவதும் இயந்திரத்தால் குழாய்வழி அனுப்பப்பட்டது. இயந்திரம் தொலைவில், குழாய் நீளமானது, உட்புறம் உறிஞ்சும் பொருள். இன்றுவரை எல்லா நிலையங்களிலும் கையாளப்படும் முறை இதுவே.

வீட்டில் நீளமான குழாய்க்கு இடமில்லை. ஆகவே குழாயை மடித்து ஒரு பெட்டிக்குள் அடைக்கவேண்டும். கனமான பிளைவுட் பலகையால் செய்த பெட்டியின் உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைத்து, காற்று பாம்பைப்போல் நான்கு முறை வளைந்து செல்லுமாறு அமைப்பர். உட்புறம் முழுவதும் 5 சென்டிமீட்டர் கனத்தில் பாறைக்கம்பளி அல்லது கண்ணாடிக்கம்பளி ஒட்டி, இழைகள் காற்றில் பறந்து பாடகரின் தொண்டையை அடையாதவாறு நெருக்கமான மெல்லிய துணியால் மூடுவர். கம்பளி போக எஞ்சும் காற்றுவழி 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். இத்தகைய வழி 2 மீட்டர் நீளம் சென்றால், மனிதக் குரலின் நடுப்பகுதியான 500 அதிர்வுகளிலும் அதற்கு மேலும் ஏறக்குறைய 30 டெசிபல் தேய்ந்துவிடும். நான்காக மடித்தால் ஒரு சிறிய அலமாரி அளவில் பெட்டி அடங்கும். வரத்துக்கு ஒன்றும் போக்குக்கு ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் வேண்டும்.

தாழ்ந்த ஓசைகளிடம் இப்பெட்டி தோற்றுவிடும் என்பதை மறைக்கலாகாது. 125 அதிர்வுகளில் அதே 2 மீட்டர் வழி 3 அல்லது 4 டெசிபல்தான் குறைக்கும். 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 5 சென்டிமீட்டர் கம்பளி அந்த அலைக்கு ஒரு பொருட்டன்று. லாரியின் உறுமலும் மேளத்தின் அதிர்வும் இவ்வாறு நழுவி வரக்கூடியவை. இதற்குப் பரிகாரமாகப் பெட்டியை இரட்டைப் பலகையால் கனமாக்கலாம். வழியின் நடுவே அகன்ற வெற்றறை ஒன்றை வைக்கலாம். இவற்றைவிட மலிவான பரிகாரம், காற்று வாங்கும் வாயைத் தெருப்பக்கம் வைக்காமல் வீட்டின் பின்புறத்தில், நிழலான சுவரில் வைப்பதாகும். வீட்டின் உடலே தெருவோசையை மறைத்துவிடும். கோடையில் காற்றும் சற்றுக் குளிர்ந்ததாக இருக்கும். காசு செலவின்றிக் கிடைக்கும் டெசிபல்களை முதலில் எடுத்துக்கொள்ளாமல் விலையுயர்ந்த பொருள்களைத் தேடுவோரே மிகுதி.

அடுத்தது காற்றின் ஓசை. வேகமாகச் செல்லும் காற்று தானே இரையும். அவ்விரைச்சல் வேகத்தின் ஐந்தாம் அல்லது ஆறாம் படியளவில் பெருகுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபலுக்கு மேல் குறையும். மூவருக்குரிய 30 லிட்டரை 10 சென்டிமீட்டர் வட்டக் குழாயில் செலுத்தினால் வேகம் வினாடிக்கு 3.8 மீட்டர் ஆகும். 20-க்கு 15 சென்டிமீட்டர் வழியில் அது 1 மீட்டர்தான். இவ்விரண்டுக்கும் இடையே இரைச்சலில் ஏறக்குறைய 30 டெசிபல் வேறுபாடு உண்டு. கடைகளில் கிடைக்கும் சிறு குழாயைக் கண்டு ஏமாறாமல் வழியை அகலமாக வைப்பதே இதில் பாதி வெற்றி.

விசிறியை அறையின் சுவரில் பொருத்தலாகாது. பெட்டியின் வெளிமுனைக்கு அப்பால், ரப்பர்த் துண்டுகளின்மேல் தொங்கவிட்டு, குழாயோடு கித்தான் துணி உறையால் இணைக்கவேண்டும். இல்லையேல் அதன் அதிர்வு மரம் வழியாகவே உள்ளே வந்துவிடும். சமையலறைச் சுவரில் மாட்டப்படும் சாதாரண விசிறிக்கு வளைந்த வழியிலும் வடிகட்டியிலும் காற்றைத் தள்ளும் அழுத்தம் போதாது. அது சுழலும், ஓசையிடும், காற்றோ நகராது. குழாயில் பொருத்தத்தக்க விசிறியைத் தேவைக்குப் பெரிதாக வாங்கி மெதுவாக ஓட்டுவது நன்று. அவ்விசிறி உள்ளே ஊதுவதாக இருக்கட்டும். அப்பொழுது அறையின் அழுத்தம் சற்றே உயர்ந்து, இடுக்குகள் வழியாகத் தூசி புகாமல் வெளியே தள்ளப்படும். வரத்து வாயையும் போக்கு வாயையும் எதிரெதிர் மூலைகளில், ஒன்று தாழ்வாகவும் மற்றொன்று உயரமாகவும் வைத்தால் புதுக்காற்று அறை முழுதும் உலாவிச் செல்லும். அருகருகே வைத்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும். வெளிவாயில் கம்பிவலை அவசியம். கொசுவைத் தடுப்பதோடு பல்லியையும் அது தடுக்கும். நல்ல ஆலாபனையின் நடுவே ‘இச்’சென்று சகுனம் சொல்லும் பல்லியை எந்தக் கணிப்பொறியாலும் எளிதில் அழிக்க இயலாது.

பதிவின்பொழுது விசிறியை நிறுத்திவிட்டு இடைவேளையில் ஓட்டிக்கொள்ளலாமே என்பது சிலர் கூறும் உபாயம். மணிக்கு 108 கன மீட்டர் தரும் விசிறி 30 கன மீட்டர் அறையின் பழைய காற்றில் நூற்றில் 95 பங்கை வெளியேற்ற ஏறக்குறைய 50 நிமிடம் பிடிக்கும். புதுக்காற்று பழையதோடு கலந்துகொண்டே வெளியேறுவதே இதற்குக் காரணம். ஐந்து நிமிட ஓய்வில் கால் பங்கு மாறினால் உண்டு. அந்த ஓய்வுக்குக் கதவையும் எதிரிலுள்ள சன்னலையும் அகலத் திறப்பது எவ்வளவோ மேல். மிகக் குறைந்த வேகத்தில் இடைவிடாது ஓடும் விசிறியே நெடுநேர வேலைக்கு ஏற்றது.

தீய வாயுக்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். மின்தடைக்காக வைக்கும் இன்வெர்ட்டரின் ஈய அமில பாட்டரி, மின்னேற்றத்தின்பொழுது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அதனை ஒலி புகா அறைக்குள் வைப்பது பேரபாயம். காற்று வாங்கும் வாய்க்கு அருகே ஜெனரேட்டர் ஓடினாலோ கார் நின்று இரைந்தாலோ மணமற்ற கார்பன் மோனாக்சைடு நேராக அறைக்குள் வந்துவிடும். சுவரில் ஒட்டப்படும் மலிவான நுரைப்பஞ்சு தீப்பிடித்தால் சில நிமிடங்களில் அறை நச்சுப்புகையால் நிறையும். உள்ளே இருப்பவருக்கு வெளியே எழும் கூக்குரல் கேளாது. வெளியே இருப்பவருக்கும் அவர் குரல் கேளாது. சன்னலற்ற அத்தகைய அறைக்கு, உட்புறமிருந்து சாவியின்றித் திறக்கும் கதவும் புகையறியும் கருவியும் கட்டாயம் வேண்டும். பூசைக்கு ஏற்றும் விளக்கும் ஊதுபத்தியும் வெளியறையில் இருக்கட்டும்.

அமைத்த காற்றுவழி வேலை செய்கிறதா என்பதை அறியச் சிகப்புக்கீழ்க் கதிரால் இயங்கும் கரியமில வாயு அளவி இப்பொழுது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வழக்கமாக இருக்கும் ஆட்களுடன் கதவை மூடி இரண்டு மணி நேரம் வேலை செய்தபின் அது 1,000-க்கு அருகில் நின்றால் போதும். அளவி இல்லாதவிடத்து, போக்கு வாயில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் அது கம்பியோடு ஒட்டி நிற்கவேண்டும். வடிகட்டியில் தூசி ஏற ஏறத் தாளின் பிடி தளரும். ஹைதராபாத் போன்று கட்டட வேலை ஓயாத நகரங்களில் மாதம் ஒருமுறையேனும் வடிகட்டியைத் தட்டிக் கழுவாவிடில் விசிறி ஓடியும் பயனிராது.

பள்ளியில் இதனைச் செய்து காட்டுவதும் எளிது. மூடியுள்ள கனமான எவர்சில்வர்த் தூக்கு ஒன்றின் உள்ளே துணியைச் சுற்றிவைத்து, மணியடிக்கும் கடிகாரத்தையோ கைபேசியையோ அதனுள் இட்டு மூடினால் ஓசை மங்கும். பழைய தூக்கின் மூடியில் பென்சில் நுழையும் அளவு ஒரு துளை இட்டால், அவ்வளவு சிறிய துளை வழியாக ஓசை பெருகி வருவதை மாணவர்கள் வியப்புடன் கேட்பர். பின்னர் அட்டையால் மூன்று நான்கு முழங்கால் வளைவுகள் உள்ள ஒரு குழாய் செய்து, உட்புறம் பஞ்சு ஒட்டி, அதனைத் துளையின்மேல் பொருத்தவேண்டும். தூக்கின் பக்கத்தில் இன்னொரு துளையிட்டு, சைக்கிள் பம்பின் ரப்பர்க்குழாயை அதில் இறுகச் செருகி மெல்லக் காற்றடித்தால், அட்டைக் குழாயின் வெளிமுனையில் பிடித்த தாள்நுனி படபடக்கும். மணியோசை மட்டும் துளை திறந்திருந்தபொழுது கேட்டதைவிடப் பெரிதும் மங்கியிருக்கும்.